கூடியவர் பிரிவதேன்?

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். பிறந்த நாள் முதல் பிறர் கையில் வளர்கிறான். பிறர் பேசக் கேட்டே பேசக் கற்கிறான். இறந்த பின்னும் நால்வர் தோள்மேல்தான் சுடுகாடு சேர்கிறான். கூடி வாழ்தல் அவன் இயல்பு. ஆனால் எல்லாக் கூட்டமும் ஒரே தன்மையன அல்ல. குடும்பம் பிறப்போடு வருகிறது. ஊரும் நாடும் அவ்வாறே. அவற்றை யாரும் தேர்ந்துகொள்வதில்லை. சங்கம், மன்றம், கழகம் என்று வழங்கப்படும் கூட்டங்களோ மனிதன் தானே விரும்பி அமைப்பவை; தானே விரும்பிச் சேர்பவை. அங்கே கட்டாயம் இல்லை, கூலி இல்லை, இரத்த உறவு இல்லை. மொழியை வளர்க்க வேண்டும், கோயிலைக் காக்க வேண்டும், பள்ளிக்குத் துணை நிற்க வேண்டும் என்னும் ஏதோ ஒரு நல்லெண்ணமே பலரை ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அவ்வாறு விரும்பிக் கூடியவர்கள் சில ஆண்டுகளிலேயே ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பிரிந்து போவதேன்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் வாழும் ஊர்களில் இக்காட்சி புதிதன்று. தொடக்க விழா அன்று மண்டபம் நிறைகிறது, மாலைகள் மணக்கின்றன, மேடையில் உறுதிமொழிகள் முழங்குகின்றன. ஐந்தாம் ஆண்டில் பொதுக்கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர் வருவதே அரிதாகிறது. பத்தாம் ஆண்டில் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சுகிறது. அல்லது, ஒரு சங்கம் இரண்டாகப் பிளந்து, இரண்டும் ஒரே பெயருக்கு உரிமை கோரிச் சங்கப் பதிவதிகாரியின் வாயிலில் நிற்கின்றன. கைப்பேசியில் அமையும் புலனக் குழுக்களின் கதையும் இதுவே. அங்கே ஆண்டுகள் திங்கள்களாகச் சுருங்கிவிட்டன, வேறுபாடு அவ்வளவுதான்.

ஒரு கூட்டம் கலைந்தால் அதற்குப் பொறுப்பு யாருடையது? அமைப்பை நடத்தும் முறை பற்றிய கேள்வி போல் இது தோன்றலாம். ஆனால் இதன் அடியில் இருப்பது அறம் பற்றிய கேள்வி. ஒரு கூட்டத்தில் சேர்ந்தவன் அதற்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? மனம் ஒவ்வாதபோது விலகிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டா? உண்டெனில், எவ்வாறு விலகுவது அறம்?

சண்டைதான் காரணமா?

கூட்டங்கள் கலைவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. புறத்திலிருந்து வந்த இடையூறு என்பது ஒன்று. பணம் இல்லாமை என்பது மற்றொன்று. சண்டை என்பது மூன்றாவது. இவை பொய்யல்ல. ஆனால் இவற்றுள் எதுவும் வேர் அன்று.

புற இடையூற்றை முதலில் பார்க்கலாம். 1950களின் இறுதியிலும் 1960களிலும் மலாயாவின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் மேலும் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் இடம் விட்டன. லயங்கள் இடிந்தன; மக்கள் நகரங்களின் ஓரங்களுக்குச் சிதறினர். ஒரு கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறு என்ன வேண்டும்? எனினும், பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பல ஊர்களிலிருந்து திரும்பி வந்து, பந்தலிட்டு, பொங்கலிட்டு, சோறாக்கிப் பரிமாறிச் செல்லும் மக்கள் இன்றும் உள்ளனர். மண் போயிற்று, கூட்டம் போகவில்லை. காரணம் என்ன? அவர்களுக்குச் சேர்ந்து செய்ய ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. அவ்வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் கைகளும் எஞ்சியிருக்கின்றன.

பணமும் வேர்க்காரணம் அன்று. வங்கியில் பணத்தை வைத்துக்கொண்டே செத்துக்கிடக்கும் சங்கங்கள் உண்டு. கையில் காசில்லாமல் உயிரோடு இயங்கும் சங்கங்களும் உண்டு.

சண்டையோ? சண்டையில்லாத வீடு எது? பொதுக்கூட்டத்தில் எழுந்து, கணக்கு எங்கே என்று உரத்துக் கேட்பவனைப் பார்த்து, இவனால்தான் சங்கம் கெட்டது என்று சொல்வது எளிது. ஆனால் அவன் இன்னும் வந்திருக்கிறான்; கணக்கைப் படித்திருக்கிறான்; அக்கறையோடுதான் சினக்கிறான். அவனுக்கு இரண்டு வரிசைக்கு அப்பால் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்காரவேண்டியவர் சென்ற ஆண்டு வரை தவறாமல் வந்தவர், இவ்வாண்டு வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை. கூட்டத்தின் நோய் உரத்த குரலில் இல்லை. அந்தக் காலி நாற்காலியில் இருக்கிறது.

ஓர் ஊர், இரு கூட்டங்கள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், வபாஷ் ஆற்றங்கரையில் ஓர் ஊர் உண்டு. கூட்டங்கள் எவ்வாறு வாழ்கின்றன, எவ்வாறு சாகின்றன என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. ஏனெனில், அந்த ஓர் ஊரிலேயே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கூட்டங்கள் வாழ்ந்தன.

முதலாவது, ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜார்ஜ் ராப் என்பாரைப் பின்பற்றிய சமயக் குழு. 1814இல் அவர்கள் அங்கே வந்து காட்டைத் திருத்தினர். உடைமையைப் பொதுவாக்கினர், உழைப்பைப் பொதுவாக்கினர், மணவாழ்வையும் துறந்தனர். பத்தே ஆண்டுகளில் வீடுகளும் ஆலைகளும் பழத்தோட்டங்களும் எழுந்தன. பின்னர் அவ்வூரை விற்றுவிட்டு, தாம் முன்பு வாழ்ந்த பென்சில்வேனியாவுக்கே திரும்பினர்.

1825ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வூரை விலைக்கு வாங்கியவர் இராபர்ட் ஓவன். வேல்சு நாட்டிலே பிறந்து, ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையில் தொழிலாளரின் வாழ்வை உயர்த்தி, அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்துப் புகழ்பெற்ற பெருமகன் அவர். சூழ்நிலை நல்லதாயின் மனிதனும் நல்லவன் ஆவான் என்பது அவர் கொள்கை. ஊருக்கு நியூ ஹார்மனி என்று பெயரிட்டார். புதிய இணக்கம் என்பது அதன் பொருள். உழைக்கும் எண்ணமுள்ளோர் யாவரும் வருக என அழைத்தார். சில திங்கள்களுக்குள் ஏறத்தாழ 800 பேர் வந்து குவிந்தனர்.

வந்தவருள் அறிவியலறிஞர் இருந்தனர்; கல்வியாளர் இருந்தனர்; கொள்கை வீரர் இருந்தனர்; உழைக்க மனமில்லாதவரும் இருந்தனர். உழவும் கைத்தொழிலும் அறிந்தோர்தாம் போதவில்லை. ஆலைகள் இருந்தன, அவற்றை ஓட்டும் கைகள் இல்லை. ஓவனோ 1825 ஜூன் திங்களில் ஊரை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில்தான் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் இளைஞரான அவர் மகன் பொறுப்பேற்றிருந்தார். திரும்பி வந்ததும் முழுச் சமத்துவத்தை நிலைநாட்டும் புதிய சட்டம் வகுக்கப்பட்டது. அச்சட்டமும் நிலைக்கவில்லை, அதன் இடத்தில் வேறொன்று வந்தது, பின்னர் மற்றொன்று வந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து சிறு கூட்டங்கள் பிரிந்தன. 1827இல் அம்முயற்சி முடிவுற்றது. இரண்டு ஆண்டுகளே அதன் ஆயுள்.

அங்கே பேச்சுக்குக் குறைவில்லை. வார இதழ் வெளிவந்தது, சொற்பொழிவுகள் நடந்தன, இசையும் ஆடலும் இருந்தன. ஆனால் காவலற்ற வயலிலும் தோட்டத்திலும் பன்றிகள் புகுந்து அரசாண்டன என்று அங்கு வாழ்ந்த ஒருவர் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மனித சமத்துவத்தைப் பற்றிப் பேச நூறு பேர் இருந்தனர். வேலியைச் செப்பனிட ஒருவர் இல்லை. உழைத்தவனுக்கும் உழையாதவனுக்கும் ஒரே பங்கு என்றானபோது, உழைத்தவன் முதலில் முணுமுணுத்தான். பிறகு முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டு மூட்டை கட்டினான்.

ராப்பின் கூட்டம் எவ்வாறாயிற்று? 1832இல் அங்கே பெரும் பிளவு நேர்ந்தது. உறுப்பினருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து சென்றனர். அந்த அடியையும் தாங்கிக்கொண்டு அக்கூட்டம் நின்றது. 1847இல் ராப் மறைந்த பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. சண்டையால் அது சாகவில்லை. மணம் துறந்தமையால் பிள்ளைகள் இல்லை; புதியவரும் போதிய அளவு சேரவில்லை; முதியவர் ஒவ்வொருவராய் மறைய, 1905இல் அது முறைப்படி கலைக்கப்பட்டது.

ஓவனின் கூட்டம் கதவில்லாத வீடு; யாரும் வரலாம், வந்தவர்க்குக் கடமை ஒன்றும் இல்லை. ராப்பின் கூட்டம் வாயில் அடைத்த வீடு. உள்ளே ஒழுங்கு உண்டு, வாரிசு இல்லை. ஒன்று உழைப்பைப் பகிர்ந்துகொள்ளாமல் அழிந்தது. மற்றொன்று உழைப்பைக் கையளிக்க ஆளில்லாமல் அழிந்தது. இரண்டிலும் பொதுவானது ஒன்றே. கூட்டத்தைத் தாங்கும் அன்றாட உழைப்பு நின்றது, கூட்டமும் நின்றது.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

ஒவ்வொரு கூட்டத்திலும் இருவகை வேலைகள் உண்டு. மேடையில் தெரியும் வேலை ஒன்று. மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலை மற்றொன்று. நாற்காலிகளை அடுக்குபவர், கூட்டக் குறிப்பை எழுதுபவர், சந்தா கொடுக்க மறந்தவரிடம் மனம் நோகாமல் நினைவூட்டுபவர், புதிதாக வந்த இளைஞனை அழைத்து அருகில் அமர்த்திக்கொள்பவர், மருத்துவமனையில் கிடக்கும் உறுப்பினரைப் போய்ப் பார்ப்பவர், இருவர் மனத்தாங்கலை மூன்றாமவர் அறியுமுன் தீர்த்துவைப்பவர் ஆகிய இவர்களுக்கு மாலை இல்லை, பொன்னாடை இல்லை, நாளிதழில் படம் இல்லை. வீட்டில் தாய் செய்யும் வேலையைப் போன்றது அது. நடக்கும்போது யார் கண்ணிலும் படாது. நின்றுபோனால் வீடே நாறும்.

இத்தகையோர் திடுமென விலகுவதில்லை. முதலில் ஒரு வேலையைக் குறைத்துக்கொள்கின்றனர். பிறகு ஒரு கூட்டத்துக்கு வராமல் இருந்து பார்க்கின்றனர். தாம் இல்லாததை யாரும் பொருட்படுத்தவில்லை என்று தெரிந்ததும் அடுத்த கூட்டத்துக்கும் வருவதில்லை. பதவி விலகல் கடிதம் இல்லை, வாக்குவாதம் இல்லை. வருவதில்லை, அவ்வளவே.

1970ஆம் ஆண்டு, பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் இதைப் பற்றி ஓர் அரிய நூல் எழுதினார். சீர்கெட்டு வரும் அமைப்பின் உறுப்பினர்க்கு இரண்டு வழிகள் உள்ளன என்றார் அவர். ஒன்று விலகிச் செல்வது. மற்றொன்று குரல் எழுப்புவது. இவ்விரண்டில் எதைக் கைக்கொள்வது என்பதைப் பற்று என்னும் மூன்றாவது ஆற்றல் பாதிக்கிறது. அவர் எடுத்துக்காட்டிய நுட்பமான உண்மை ஒன்று உண்டு. தரத்தில் மிகுந்த அக்கறை உடையவர் எவரோ, அவரே முதலில் விலகுகிறார். அவரே இருந்து குரல் எழுப்பியிருந்தால் அமைப்பைத் திருத்தியிருக்கவும் கூடியவர். அவர் போன பின் எஞ்சுவோர் அக்கறை குறைந்தவர். ஆகவே சீர்கேடு விரைகிறது. இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று பள்ளி. அரசுப் பள்ளியின் தரம் குறையும்போது, கல்வியில் பெரிதும் கருத்துடைய பெற்றோரே முதலில் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகின்றனர். அவர்களோடு பள்ளியைத் தட்டிக்கேட்கும் குரலும் போய்விடுகிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

மௌனமாக விலகுதல் அறமா?

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. மௌனமாக விலகுபவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, யாரையும் வையவில்லை, எதையும் கவர்ந்துசெல்லவில்லை. அவர் மீது குற்றம் சொல்லலாமா?

அவர் சார்பாகச் சொல்லத் தக்கவை உண்டு. விரும்பிச் சேர்ந்த கூட்டத்திலிருந்து விரும்பியபோது விலக உரிமை உண்டு என்பர். மெய்தான். அவ்வுரிமை இல்லாத கூட்டம் சங்கமன்று, சிறை. ஆனால் உரிமை வேறு, கடன் வேறு. வழிப்போக்கன் மரநிழலில் தங்கிவிட்டு எழுந்து போகலாம். அவன் உரிமையை யாரும் மறுப்பதில்லை. எனினும், மரத்தின் அடியில் கறையான் புற்று வளர்வதைக் கண்டவன் தோட்டக்காரனிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக வேண்டாமா? நிழலை நுகர்ந்தமையால் வந்த கடன் அது.

பேசினால் பகை வளரும். பேசாதிருந்தால் அமைதி நிலவும் என்பது இன்னொரு வாதம். இதுவே தமிழர் கூட்டங்களில் பலரும் சொல்லும் வாதம். ஆனால் பேசாமை என்பது எப்போதும் அமைதி ஆகாது. கூட்டத்தில் திறவாத வாய் தேநீர்க் கடையில் திறக்கிறது. செயலவையில் கேட்கப்படாத கேள்வி, திருமண வீட்டுப் பந்தியில் வதந்தியாக வலம்வருகிறது. திருவள்ளுவர் உட்பகைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள்கள் பாடியிருக்கிறார். வெளிப்பகையைப் போல் உட்பகை தன்னை அறிவித்துக்கொண்டு வருவதில்லை. அதனாலேயே அது தனியே ஆராயத் தக்கதாகிறது.

புத்தர் காலத்தில் கோசாம்பி நகரில் நிகழ்ந்ததாகப் பௌத்த நூல்கள் கூறும் ஒரு நிகழ்ச்சி இங்கே எண்ணத் தக்கது. அந்நகரத் துறவியருள் ஆசிரியர் இருவர் இருந்தனர். ஒருவர் ஒழுக்க விதிகளில் வல்லவர். மற்றவர் அறவுரைகளில் வல்லவர். அறவுரையாளர் ஒருநாள் கழிப்பறையில் இருந்த ஏனத்தில் மிஞ்சிய நீரைக் கொட்டாமல் வந்துவிட்டார். விதி வல்லவர் அது குற்றம் என்றார். அறியாமல் செய்தேன், குற்றமாயின் ஒப்புக்கொள்கிறேன் என்றார் மற்றவர். அறியாமல் செய்தது குற்றமாகாது என்று விதி வல்லவரே கூறிவிட்டார். காரியம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பின்னர்த் தம் மாணவரிடம், அந்த ஆசிரியர்க்குக் குற்றம் செய்ததே தெரியவில்லை என்று சொல்லிவைத்தார். மாணவர் அதை எதிர்த்தரப்பு மாணவரிடம் சொன்னார்கள். முகத்துக்கு நேரே ஒன்று, முதுகுக்குப் பின் வேறொன்றா என்று மற்ற ஆசிரியர் வெகுண்டார். துறவியர் இரு பிரிவாயினர். அவர்களை ஆதரித்த ஊராரும் இரு பிரிவாயினர்.

புத்தர் நேரில் வந்து ஒற்றுமையின் நலத்தை எடுத்துரைத்தார், மீண்டும் எடுத்துரைத்தார். அவர்கள் செவிசாய்க்கவில்லை. அதன் பின்னரே அவர் தனியராய்க் காட்டுக்குச் சென்றார். நிகழ்ந்ததை உணர்ந்த ஊர்மக்கள், சண்டையிட்ட துறவியர்க்கு உணவிடுவதை நிறுத்தினர். துறவியர் மனம் மாறினர். சாவத்தியில் இருந்த புத்தரை நாடிச் சென்று, தம்முள் இணக்கம் கண்டனர்.

இந்நிகழ்ச்சியில் பாடங்கள் இரண்டு உள்ளன. துறவியர் கூட்டத்தைப் பிளந்தது ஏனத்து நீர் அன்று. முகத்துக்கு நேரே சொல்லாமல் முதுகுக்குப் பின் சொன்ன சொல். இது முதற்பாடம். புத்தரும் விலகினார்; ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிய பின் விலகினார். ஏன் விலகுகிறார் என்பது எல்லார்க்கும் தெரிந்திருந்தது. அதனால் அவர் விலகலே மற்றொரு அறவுரை ஆயிற்று. இது இரண்டாம் பாடம்.

ஆகவே, விலகுதல் குற்றமன்று. தீய வழியில் செல்லும் கூட்டத்திலிருந்து விலகுவது கடமையும் ஆகலாம். சொல்லாமல் விலகுவதே குறை. சொல்லியும் கேளாதபோது விலகுபவர் கூட்டத்துக்கு ஓர் எச்சரிக்கையை விட்டுச் செல்கிறார். சொல்லாமல் விலகுபவரோ ஒரு வெற்றிடத்தை மட்டும் விட்டுச் செல்கிறார். அவ்வெற்றிடத்தில் வந்து அமர்பவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையும் அவர் இழந்துவிடுகிறார்.

கேளாத செவியின் குற்றம்

எனினும், பழி முழுவதையும் விலகியவர் தலையில் சுமத்துவது நேர்மையன்று. சொல்ல வாய் மட்டும் போதாது; கேட்கச் செவியும் வேண்டும். கருத்து மாறுபட்டவரை எல்லாம் துரோகி என்று அழைக்கும் கூட்டத்தில் எவர் வாய் திறப்பார்?

இக்குற்றத்தில் பெரும்பாலும் முதலிடம் பெறுபவர், வியப்பாயினும், கூட்டத்தைத் தோற்றுவித்தவரே. அவர் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக நடந்து உறுப்பினர் சேர்த்தவர், கைப்பணம் செலவிட்டவர். அந்தத் தியாகமே நாளடைவில் பிடியாகிறது. நான் பெற்ற பிள்ளை என்று சங்கத்தைச் சொல்லத் தொடங்குகிறார். பெற்ற பிள்ளையும் ஒருநாள் தன் காலில் நிற்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார். இருபது ஆண்டு தலைவராக இருந்தேன் என்பது பெருமை போல் ஒலிக்கும். இருபது ஆண்டில் இன்னொரு தலைவரை உருவாக்கவில்லை என்பதும் அதே சொற்றொடரின் பொருள்தான்.

வட ஆப்பிரிக்க அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய வரலாற்று முன்னுரையில் கூட்டங்களின் ஒற்றுமையுணர்வைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். அவர் கருத்துப்படி, பெருமையைக் கட்டியெழுப்பிய தலைமுறை அதற்குச் செலவான உழைப்பை அறிந்திருக்கிறது. அடுத்த தலைமுறை அவ்வுழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. அதற்கடுத்தது மரபைப் பின்பற்றுவதோடு நின்றுவிடுகிறது. நான்காம் தலைமுறை அப்பெருமை பிறப்பிலேயே தனக்குரியது என்று எண்ணி இழந்துவிடுகிறது. அரச குலங்களுக்கு அவர் சொன்னது சங்கங்களுக்கும் பொருந்தும். ஒரு வேறுபாடு உண்டு. அரச குலம் தேய நூறாண்டு ஆகும். சங்கத்துக்கு நான்கு செயலவைகள் போதும். உழைப்பைக் கற்பிக்காமல் பதவியை மட்டும் கையளித்தால் அழிவு வேறெங்கிருந்தும் வரவேண்டியதில்லை.

நிலைத்தவை எதனால் நிலைத்தன?

கலைந்தவற்றைப் போலவே நிலைத்தவற்றையும் பார்த்தல் வேண்டும். ஓவனின் ஊர் கலைந்து 17 ஆண்டுகளுக்குப் பின், 1844 டிசம்பர் 21ஆம் நாள், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அதைத் திறந்தவர் 28 பேர். நெசவாளரும் பிற தொழிலாளருமான ஏழைகள் அவர்கள். ஓவனின் கொள்கையில் பற்றுடையவரும் அவர்களுள் இருந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி போன்ற சில பொருள்களே கடையில் இருந்தன. புதிய உலகம் சமைப்பதாக அவர்கள் முழங்கி நின்றுவிடவில்லை. கலப்படம் இல்லை, எடையில் குறைவில்லை, கடன் இல்லை, பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒருவர்க்கு ஒரே வாக்கு, வாங்கிய அளவுக்கு ஏற்ப ஆதாயத்தில் பங்கு என விதி செய்துகொண்டனர். பின்னர் ஆதாயத்தில் ஒரு பகுதியை உறுப்பினரின் கல்விக்கும் ஒதுக்கினர். அச்சிறு கடையின் நெறிகளே உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அடிப்படையாயின. அவ்வியக்கத்தின் வழியில்தான், துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டியே வாங்கலாம் என்று, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது.

ஓவனிடம் பெருஞ்செல்வம் இருந்தது. ராச்டேல் தொழிலாளரிடம் சிறு சேமிப்பு மட்டுமே இருந்தது. ஓவன் மனிதர் யாவரும் நல்லவராவர் என நம்பினார். ராச்டேல் தொழிலாளர், நல்லவரும் சில வேளை சோர்ந்து போவர் என்று அறிந்து, அதற்கேற்ப விதி வகுத்தனர். ஒவ்வொருவர் உழைப்பும் ஒவ்வொருவர் பங்கும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. அவர்கள் நிலைத்தமைக்குக் காரணம் அதுவே.

சண்டையைக் கையாளும் முறைக்கு ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரம் ஒரு சான்று. அங்கே கால்வாய் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் உழவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்களுக்கென ஒரு தண்ணீர் நீதிமன்றம் வைத்துள்ளனர். வியாழன்தோறும் நண்பகலில், தேவாலய வாயிலில் அது கூடுகிறது. நடுவராக அமர்பவர் உழவர்களே தேர்ந்தெடுத்த உழவர்கள். வழக்கு வாய்மொழியாகவே நடக்கிறது. தீர்ப்பும் உடனே வழங்கப்படுகிறது. 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாக ஏற்றது. அதே ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், இத்தகைய பொதுவள அமைப்புகளை ஆராய்ந்து, நீடித்தவற்றில் காணும் பொதுப் பண்புகளை 1990இல் வெளிவந்த தம் நூலில் தொகுத்தளித்தார். உறுப்பினர் யார் என்பதில் தெளிவு. விதி வகுப்பதில் உறுப்பினர்க்குப் பங்கு. முதல் தவற்றுக்குச் சிறு தண்டனை, தொடர்ந்தால் பெரிய தண்டனை. மனத்தாங்கலை விரைவில் தீர்க்க ஓர் இடம் என்பன அவற்றுட் சில.

வலென்சியா உழவர்கள் சண்டையை ஒழிக்கவில்லை. வியாழன் நண்பகலில் அதற்கு ஓர் இடம் கொடுத்தனர். இடம் கொடுத்தமையால் அது வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் நுழைந்து நஞ்சாகவில்லை. தமிழர் சங்கங்களில் எத்தனை, ஆண்டுக்கு ஒரு முறையேனும், குறை சொல்வதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கியிருக்கின்றன?

பள்ளியில் விதைக்க வேண்டியது

கூடி வாழும் கலை பிறவியில் வருவதன்று; கற்க வேண்டியது. அதைக் கற்கும் முதல் இடம் பள்ளி. பள்ளியிலும் தமிழ்மொழிக் கழகம் உண்டு. நூலகக் குழு உண்டு. விளையாட்டு மன்றம் உண்டு. அவை பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுத்த தீர்மானத்தை மாணவர் வாசிக்கும் இடங்களாகவே இருந்துவிடுகின்றன. அங்கே மாணவன் கற்பது மேடைப்பேச்சு. கற்க வேண்டியதோ அதனினும் பெரிது. மாற்றுக்கருத்தை நண்பன் முகத்துக்கு நேரே, அவன் மனம் புண்படாமல் சொல்லக் கற்க வேண்டும். தன் கருத்து வாக்கெடுப்பில் தோற்ற பின்னும் மறுநாள் வந்து நாற்காலி அடுக்கக் கற்க வேண்டும். யாருடைய நாற்காலி காலியாக இருக்கிறது என்று பார்க்கவும், அவன் வீடு தேடிச் சென்று, ஏன் வரவில்லை என்று கேட்கவும் கற்க வேண்டும். பதவி முடிந்ததும் அடுத்தவனுக்குக் குறிப்பேட்டைத் தந்து, எழுதும் முறையைக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகி நிற்கவும் கற்க வேண்டும்.

ஒரு கூட்டம் கலையும்போது வரலாறு சண்டையிட்டவர்களின் பெயர்களை எழுதிவைக்கிறது. சொல்லாமல் போனவர்களின் பெயர்களை அது எழுதுவதில்லை; அவர்களைத் தேடிப் போகாதவர்களின் பெயர்களையும் எழுதுவதில்லை. பொறுப்பில் பெரும்பங்கு அவ்விரு திறத்தாரையே சாரும். போகிறவர் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக வேண்டும்; இருக்கிறவர் அச்சொல்லைக் கேட்க எழுந்து செல்ல வேண்டும். இவ்விரண்டும் உள்ள கூட்டத்தில் சண்டை இருக்கலாம், வறுமை இருக்கலாம், இடையூறு இருக்கலாம், கூட்டமும் இருக்கும்.